நிலத்தில் வைத்த குட்டி ஆல்

பெரியகல்லாற்றில் கதிர்காமத்தம்பி மேசனைத் தெரியாதவர் இல்லை. மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை எறிந்துவிட்டுச் சாந்துச்சட்டியைத் தூக்கியவர். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உப்பு ஊறிக் கிடக்கிற ஊரில், தான் இழுத்த சீமெந்து நிலத்தில் மயிரளவு வெடிப்பையாவது காட்டச் சொல்லி எல்லோரிடமும் சவால் விடுவார். சுனாமி விழுத்திய வீட்டைத் தன் கையாலேயே திரும்பக் கட்டினார். அந்த அலையோடு போன ஆறு வயது மகள் ஆர்த்திகாவின் பேச்சு வந்தால் மட்டும் அவருடைய சவடால் அடங்கிவிடும். அவள் படம் நடுவறைச் சுவரில் தொங்குகிறது.

காத்தான்குடி நஸீபா, முற்றத்தில் பொன்சாய்க் குட்டிமரங்கள் வளர்த்து விற்கிறவள். அவள் வீட்டுக்கு நிலம் போடப் போன இடத்தில் கதிர்காமத்தம்பி அந்தக் குட்டி ஆலமரத்தைக் கண்டார். முழங்கால் உயரமில்லை. விழுதெல்லாம் விட்டிருந்தது.

“சுனாமி வந்த வருசம் வெச்ச கண்டு, ஐயா. வெட்டி வெட்டித்தான் இந்த அளவில வெச்சிருக்கன். புதுசா வளர்க்கிற ஆக்களுக்கு லேசில்ல. ஒரு மாசம் வெச்சுப் பாருங்க, சரிவராட்டித் திருப்பித் தாங்க. வெயில் படணும். ஸ்டூல்ல வைங்க, வெறும் நிலத்தில வெச்சிராதங்க.”

“மாடிவீடு நிறுத்தின ஆள் புள்ள நான். ஒரு சட்டிக் கண்டுக்கு எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி சீதேவிப்பிள்ளை மரத்தைச் சுற்றிவந்து பார்த்தாள். எந்த வருசம் வைத்த கண்டு என்று கேட்டாள். சொன்னார். அவள் சட்டியைத் தூக்கிப்போய் ஆர்த்திகாவின் படத்துக்குக் கீழே நிலத்தில் வைத்தாள்.

“ஸ்டூல்ல வைக்கட்டாம்கா” என்றார் அவர்.

“போனவங்களுக்குப் படைக்கிறத ஆரும் ஸ்டூல்ல வைப்பாங்களா?”

எடுத்துவந்த ஸ்டூலை அவர் மூலைக்குத் தள்ளினார்.

யன்னல் திறக்காத அறை. இலை கொட்டியிருக்க வேண்டும். ஆனால் மரம் துளிர்த்தது. கத்தரிக்கோலோடு போனால் சீதேவிப்பிள்ளை குறுக்கே நின்றாள். “பிள்ளைக்கு நோகும்.” அடுப்படியில் நின்றபடி திடீரென்று நடுவறைப் பக்கம் திரும்பி, “ஓம், வாறன்” என்பாள். கூப்பிட்ட குரல் எதுவும் அவருக்குக் கேட்காது. ஒருநாள் சட்டி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. பைப் தண்ணீரைத் தவிர வேறெதையும் அதற்கு ஊற்றியதில்லை. சீதேவிப்பிள்ளைக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. அவள் வற்ற வற்ற மரத்தின் இலைகள் மினுங்கின. இப்படியே விட்டால் மனிசியும் கைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயம் அவருக்குப் பிடித்தது.

நஸீபாவை வரச்சொன்னார். “கொண்டுபோ புள்ள. இந்த வீட்டுக்கு இது சரிவராது. என்னால ஏலாது.” தன்னால் முடியாது என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நஸீபா குனிந்து தூக்கினாள். சட்டி அசையவில்லை.

“இதுக்கும் மேசன்தான் வரணுமோ?” என்று சிரித்துக்கொண்டு அவர் பிடித்தார். சீமெந்து மூட்டையைப் பஞ்சுபோலத் தூக்கிய கைகள். அப்போதும் அசையவில்லை. குப்புறப் படுத்துப் பார்த்தார். சட்டியின் ஓட்டையால் இறங்கிய விரல் தடிப்பு வேர், அவர் இழுத்த நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது.

“அல்லாவே! ஒரு மாசத்தில இப்பிடி ஓடாது ஐயா” என்றாள் நஸீபா. அவள் குரல் இறங்கியிருந்தது. “அறுத்தாத்தான் கொண்டுபோகலாம்.”

“பிள்ளை போகமாட்டாவாம்” என்றாள் சீதேவிப்பிள்ளை, சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோல.

கதிர்காமத்தம்பி வெளியே போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். சீதேவிப்பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் உளியை வேரில் வைக்கவில்லை. சட்டியைச் சுற்றி, ஊரெல்லாம் பெருமை பேசிய நிலத்தில் வைத்து ஓங்கி அடித்தார். சீமெந்து பிளந்தது. அடியில் ஈர மணல். அதற்குள்ளிருந்து உப்புத்தண்ணீர் மெல்ல ஊறி வந்தது.

“இவ்வளவு காலம் சின்னனாவே வெச்சிருந்தது காணும். வளரட்டும்” என்றார்.

“மேல கூரையெல்லோ இருக்கு, ஐயா?”

“கட்டினவன் நான். கழட்டவும் எனக்குத் தெரியும். அத மறுகா பாப்பம்.”

சட்டியை உடைத்து, மரத்தை அந்தக் குழியிலேயே வைத்து மணலை அணைத்தார். அன்று சீதேவிப்பிள்ளை இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அவரும் பக்கத்தில் இருந்து சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். நடுவில் கை நின்றது. தலையைத் தூக்கி நடுவறைப் பக்கம் பார்த்தார்.

“ஓம்” என்றார். “வாறன்.”

சீதேவிப்பிள்ளை அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.