கவிழ்த்த தட்டு விளம்பரம்

தீபாவளி நெருங்கினாலே என் தொலைபேசியில் அம்மா அழ ஆரம்பித்துவிடுவார். கோயில் மகளிர் குழுவில் ஒருவர் அனுப்புவார். தொழிற்சாலைக் குழுவில் இன்னொருவர். பத்து பாகாட் ஊரில் இருக்கும் சித்தி தனியாக ஒரு தடவை அனுப்பி, "உங்கம்மாவ பாரேன்" என்பார். எல்லாம் ஒரே விளம்பரம்தான். ஒரு கைத்தொலைபேசி நிறுவனத்துக்காகச் சில வருடங்களுக்கு முன் எடுத்தது. அதற்குப் பிறகு அவர்கள் எவ்வளவோ செலவு செய்து என்னென்னவோ எடுத்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் யார் மனத்திலும் தங்கவில்லை. இது மட்டும் தங்கிவிட்டது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வீடு, ஒரு தாய். மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் இட்லி இருக்கிறது, மற்றது கவிழ்த்து வைத்திருக்கிறது. தாய் அந்தத் தட்டைப் பார்க்கிறார். தலையைத் தூக்கி எதிரே பார்க்கிறார், கண் நிறைகிறது. தொலைபேசி அடிக்கிறது. எடுத்துக் கேட்கிறார். நமக்கு ஒன்றும் கேட்காது. பிறகு தட்டை நிமிர்த்தி வைக்கிறார். மகன் வரப்போகிறான். அவ்வளவுதான் கதை. இதற்கு நாடே மூக்கைச் சிந்தியது.

அந்தத் தாய் என் அம்மா. தம்போயில் என்னோடுதான் இருக்கிறார். மருத்துவமனைக்கு, கோயிலுக்கு, பசாருக்கு எல்லாம் நான்தான் காரில் அழைத்துப் போவேன். அண்ணன் கடல் தாண்டிப் பெர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறான். விளம்பரத்தில் வராத மகன் அவன் என்று ஊரே முடிவு கட்டியது. தப்பில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு மகள் இருப்பாளே என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

விளம்பரம் என்றால் எனக்கும் அண்ணனுக்கும் சின்ன வயதில் உயிர். வீட்டுக் கூரையில் இருந்த ஆன்டெனாவைச் சிங்கப்பூர் பக்கம் திருப்பிவிட்டால் அந்த நாட்டு விளம்பரமும் எங்களுக்குத்தான். நிகழ்ச்சி நடக்கும்போது சண்டை போடுவோம், விளம்பரம் வந்ததும் வாயை மூடிக்கொள்வோம். துணி துவைக்கும் சவர்க்காரத்தின் பாட்டு ஒன்று சீன மொழியில் வரும். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. இப்போது பாடச் சொன்னாலும் முழுதாகப் பாடுவேன். பள்ளியில் படித்த எத்தனையோ மறந்து போயிற்று, இந்தச் சவர்க்காரம் போக மாட்டேன் என்கிறது. கேட்காமலேயே திரும்பத் திரும்ப வந்ததால் ஒட்டிக்கொண்டது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதியைச் செடெனாக் என்ற சிற்றூரில் தெரிந்துகொண்டேன்.

செடெனாக்கில் எங்கள் உறவுக்காரர் வீட்டைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கே.எல்.லிலிருந்து வந்திருந்த நடிகை அழகாக அழுதார். இயக்குநர் இளைஞர், நம் தமிழ் ஆள்தான். அவருக்குத் திருப்தியே இல்லை. "ரொம்ப அழகா அழுவுறாங்க. நம்ப முடியல" என்று முணுமுணுத்தார். அப்போது பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா அவர் கண்ணில் பட்டார். "ஆண்ட்டி, கொஞ்சம் வந்து உக்காருங்களேன்." அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். சிலிப்பரைக் கழற்றச் சொன்னார்கள். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மேசை நிறைய முறுக்கு டின், பலகாரம், பூ, விளக்கு. இயக்குநர் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். உறவுக்காரருக்கு முகம் தொங்கிப் போயிற்று. "எல்லாத்தையும் காட்டுனா ஒன்னுமே ஞாபகம் இருக்காது லா அங்கிள். ஒரு தட்டு போதும்" என்றார். வசனத்தையும் எடுத்துவிட்டார். "அவங்க என்ன சொன்னாங்கன்னு பாக்குறவங்களே நெனச்சுக்கட்டும். அப்பதான் அது அவங்க கதையாவும்."

பிறகு என் நிழல் மேசையில் விழுகிறது என்று என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்தே கேட்டுவிட்டேன்.

"ஏன் தம்பி, இந்த வீட்டுல பொம்பளப் புள்ள யாரும் இல்லையா?"

அவர் சிரித்தார். "அக்கா, மக கூட இருந்தா அவங்க ஏன் அழணும்? கதையே போயிரும்."

நல்ல பதில். மனத்தில் நிற்கும் விளம்பரத்துக்குத் தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட வேண்டும். முறுக்கு டின் போயிற்று, விளக்கு போயிற்று, நானும் போனேன். இதுதான் அந்த மீதிப் பாதி. அம்மா தட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார், அழுதார். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. நடிகையே கை தட்டினார்.

அந்த மாதம் எனக்கு வேறொரு கவலை இருந்தது. நான் வேலை செய்யும் மின்னணுத் தொழிற்சாலை பினாங்கில் புதுக் கிளை திறந்தது. தரப் பரிசோதனைப் பிரிவுக்கு என்னை மேலாளராகக் கூப்பிட்டார்கள். இந்த வயதில் இனி ஒரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். தீபாவளி முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. தம்போயை விட்டு வர மாட்டார், தனியாக விடவும் முடியாது. அண்ணன் கூப்பிட்டால் மட்டும் கிளம்புவார், அவன் சில காலம் வைத்துக்கொண்டால் நான் போகலாம். எல்லாம் அவன் கையில் இருந்தது.

விளம்பரம் வந்த அன்றே அவன் வீடியோவில் கூப்பிட்டான். கண் சிவந்து வீங்கியிருந்தது. "அம்மா, இந்தத் தீபாவளிக்கு வந்து ஒங்கள இங்க கூட்டிட்டு வர்றேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டைக் கவிழ்த்த அந்த இயக்குநரை மனதார வாழ்த்தினேன்.

அதற்குப் பிறகு கேட்கும்போதெல்லாம், "டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றான். தீபாவளி காலையில் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, மேசையில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, அது வெளம்பரம்மா! நெசமா யாரும் அப்படி வந்து நிக்க மாட்டாங்க."

"இருக்கட்டும். சொல்லாம வந்தாலும் வருவான்."

மத்தியானம் தொலைபேசி அடித்தது. அண்ணன்தான். "டிக்கெட் வெல ரொம்ப மஹால்மா, கைய வைக்க முடியல. புள்ளைக்கும் பரீட்ச." பிறகு குரல் மாறியது. "ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒங்க வெளம்பரத்தக் காட்டுனேன். வெள்ளக்காரங்ககூட அழுதுட்டாங்கம்மா." சொல்லும்போதே அவனும் மூக்கை உறிஞ்சினான். அவன் நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. உண்மையாகவே அழுதான். அழுது முடித்ததும் வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி அவனுக்கு ஆகிவிட்டது. ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி ஆனதோ!

அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, போனை என்னிடம் கொடுத்தார். கவிழ்த்த தட்டை எடுத்துக் கழுவி அடுக்கில் வைத்தார். நான் போனை வைத்துவிட்டு அம்மாவிடம் அண்ணனைத் திட்டத் தொடங்கினேன். அவனுக்காக எப்படி அழுதீர்கள், அந்த மூஞ்சிக்கு அது தகுமா என்று வாய்க்கு வந்தபடி பொரிந்தேன்.

"அன்னிக்கு நான் அவன நெனச்சு அழுவல" என்றார் அம்மா.

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அவன் வராதது பழகிப் போச்சு. அதுக்கு எங்கேருந்து கண்ணீர் வரும்? நீ அன்னிக்குக் காலையில காருகிட்ட நின்னு போன்ல பேசுனியே, பினாங்குக்கு வர்றேன், அம்மாவ பத்தித்தான் யோசனைன்னு. காதுல விழுந்துச்சு. அப்புறம் நிமிந்து பாக்கச் சொன்னாங்க. பாத்தா நீ கேமராவுக்குப் பின்னாடி என் சிலிப்பர கையில வச்சுக்கிட்டு நின்ன. இந்தப் புள்ளயும் போயிருமேன்னு நெனச்சேன். அழுக வந்துருச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு, "நீ போறதுன்னா போ பாப்பா. நான் பாத்துக்குவேன்" என்றார்.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரெல்லாம் அவனுக்கென்று நினைத்த கண்ணீர் எனக்கு வந்தது! அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் கோபம் வந்தது. தெரிந்தும் இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. இப்போது போ என்றால் எப்படிப் போவது? அன்பா, கட்டிப்போடுவதா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டால் அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வருடமும் அண்ணன் குடும்பக் குழுவில் அதை அனுப்பினான், அழும் முகம் ஒன்றைச் சேர்த்து. சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தேன். தட்டைப் பார்த்துவிட்டு அம்மா நிமிரும் இடத்தில் நிறுத்தினேன். மகன் வரும் வழியைப் பார்க்கிறார் என்று எல்லோரும் சொல்லும் இடம் அதுதான். அங்கே வழி ஏதும் இல்லை, நான்தான் நின்றுகொண்டிருந்தேன். விளம்பரம் வேறு யாரிடம் பலித்ததோ எனக்குத் தெரியாது, என்னிடம் பலித்தது. நான் பினாங்குக்குப் போகவில்லை.