பத்து நிமிஷப் படத்துக்குப் பத்து மார்க்

தியேட்டர் கேன்டீனில் வேலை பார்க்கிறவர்களுக்கு எந்தப் படத்திலும் நன்றாகத் தெரிந்த ஒரே காட்சி இடைவேளைதான்.

ட்ரெய்லரை நம்பி டிக்கெட் எடுத்து, சீட்டில் நெளிந்து, வெளியே வந்து “பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்” என்று கூசாமல் பொய் சொன்ன சக பாவிகளே, அந்த நேரத்தில் உங்கள் மூஞ்சி எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மைசூரில் அக்ரஹாரத்தை ஒட்டி, ஒரே ஒரு திரையை வைத்துக்கொண்டு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பழைய தியேட்டர் எங்களுடையது. எங்களுடையது என்றால், கேன்டீன் மட்டும் என் குமரேசன் மாமாவுடையது. நான் செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. சாயங்காலங்களிலும் லீவு நாட்களிலும் பாப்கார்ன் மெஷினுக்குப் பின்னால் நிற்பேன். எனக்கு இரண்டு திறமைகள். மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுப்பேன். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். முதலாவதை யாரும் பாராட்டியதில்லை. இரண்டாவதை யாரும் மன்னித்ததில்லை.

பார்க்காதவர்களின் மார்க்

எங்களுக்குள் ஒரு வழக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் புதுப் படத்தின் போஸ்டர் ஒட்டியதும், பத்துக்கு எத்தனை எதிர்பார்க்கிறோம் என்று ஐந்து பேர் மார்க் போடுவோம். படம் தியேட்டரை விட்டுப் போகிற அன்று இன்னொரு மார்க். எதிர்பார்த்ததைவிட எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதுதான் ரேங்க். விலைப்பலகையின் பின்பக்கம் சாக்பீஸில் எழுதி வைப்பது என் வேலை. வருஷக் கடைசியில் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஓனர் ஒரு காலைக் காட்சி விடுவார். அதிகம் ஏறிய படம்தான் அதில் ஓடும். அன்றைக்கு மட்டும் நாங்கள் பால்கனியில் உட்காரலாம்.

விசேஷம் என்னவென்றால், அந்த வருஷக் கடைசிக் காட்சியைத் தவிர எங்களில் யாரும் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. டார்ச் அடித்து சீட் காட்டும் சேகரண்ணனுக்கு முதல் கால் மணி நேரம் தெரியும். எனக்கும் மாமாவுக்கும் இடைவேளையில் வெளியே வரும் மூஞ்சிகள் தெரியும். கூட்டிப் பெருக்கும் ராணியக்காவுக்குக் கடைசிப் பத்து நிமிஷம்; கூட்டம் எழுந்ததும் வேலையை ஆரம்பிக்க, விளக்குமாறும் வாளியுமாகக் கதவோரம் வந்து நின்றுவிடுவார். மேனேஜர் நஞ்சப்பா சாருக்கு வசூல் தெரியும். முதலிலிருந்து கடைசிவரை உள்ளேயே இருப்பவர் ஆபரேட்டர் ஒருத்தர்தான். அவர் போனில் கிரிக்கெட் பார்ப்பார். அவரையும் மார்க் போடச் சேர்த்துக்கலாமா என்று ஒரு நாள் கேட்டேன். சேகரண்ணன் கொதித்துவிட்டார். “படம் பாக்காதவங்க எல்லாம் மார்க் போட ஆரம்பிச்சா, அப்புறம் நமக்கு என்னம்மா மரியாதை?”

மீசைப் படம்

படங்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இது மீசைப் படம், ஏனென்றால் கட்-அவுட்டில் ஹீரோவின் மீசை மட்டுமே என் நீளம் இருந்தது. மேனேஜரைத் தவிர நாலு பேரும் பத்து மார்க். குமரேசன் மாமா சமோசாவை இரண்டு மடங்கு போட்டார். அவருக்கு ஒரு சாஸ்திரம் உண்டு: இடைவேளையில் கேன்டீன் சந்தைக்கடை மாதிரி இரைந்தால் படம் நல்ல படம், கல்யாண வீட்டில் மொய் எழுத வரிசையில் நிற்கிற மாதிரி அமைதியாக நின்றால் சமோசாவை நாமே சாப்பிட வேண்டியதுதான்.

முதல் காட்சி இடைவேளை. கதவு திறந்தது. கட்-அவுட்டுக்கு விடியற்காலையிலேயே பாலாபிஷேகம் செய்த பையன் ஒருத்தன், சட்டையெல்லாம் பால் காய்ந்து மொடமொடவென்று இருக்க, கவுன்டரில் கையை ஊன்றி நின்றான். விசிலடித்து விசிலடித்துக் குரல் போயிருந்தது. நான் அந்த ஹீரோவின் குரலிலேயே, அடித்தொண்டையில், “என்ன தம்பி, அண்ணன் படம் எப்படி?” என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “ரெண்டு டீ கொடுக்கா. ஒண்ணு இப்ப வந்த தலைவலிக்கு, இன்னொண்ணு செகண்ட் ஆஃப்ல வரப்போற தலைவலிக்கு.”

பேய் கூப்பிட்டது

இந்தப் பேய்ப் படத்தின் போஸ்டரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். பேய்க்கு நெயில்பாலிஷ் வழிந்திருந்தது. மேனேஜரைத் தவிர மற்ற நாலு பேரும் ஒன்று, இரண்டு என்று பிச்சை போடுகிற மாதிரி மார்க் போட்டோம். ஆனால் அந்தப் பேய் யாரையும் கொல்லவில்லை, ரத்தம் குடிக்கவில்லை. மெல்ல, அன்பாக, பெயரை இழுத்துக் கூப்பிட்டது. அவ்வளவுதான். இடைவேளையில் பாத்ரூமுக்குத் தனியாகப் போக ஆள் இல்லை. நாலு நாலு பேராகப் போனார்கள். கேன்டீன் இரைந்தது. மாமா முகத்தில் பௌர்ணமி.

கதவு வழியாகக் கேட்டே எனக்கும் அந்தக் குரல் இரண்டே நாளில் படிந்துவிட்டது. மூன்றாம் நாள், அக்ரஹாரத்திலிருந்து வந்த மாமா ஒருத்தர் கவுன்டரில் நின்று, “எல்லாம் கிராஃபிக்ஸ், இதுக்கெல்லாமா பயப்படுவா?” என்று வரிசைக்கே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, “ஏன்னா, காபி ஆறிடும், வாங்கோ” என்று இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. வரிசையில் யாரோ அவரை ரங்கநாதன் என்றது எனக்குக் கேட்டிருந்தது. நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து, பேய் மாதிரியே, “ரங்க...நாதா...” என்றேன். அந்த அக்ரஹாரத்து மாமா சுழன்ற வேகத்தில் காபி சுவரில் கோலம் போட்டது. வேறு காபி போட்டுக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். மாமி என்னைக் கிட்டே கூப்பிட்டார். “கொழந்தே, அந்தக் குரல் எனக்கும் வருமா, சொல்லித் தரயா? கல்யாணமான நாள்லேர்ந்து நான் கூப்பிட்டு இவர் ஒரு தடவைகூட இப்படித் திரும்பினதில்லை.”

மேனேஜரின் எட்டு

நஞ்சப்பா சார் வீட்டில் கன்னடம். எங்களிடம் பேசுவது தமிழ், ஆனால் ‘பாரும்மா’வுக்கு ‘கணம்மா’, ‘இல்லையா’வுக்கு ‘அல்வா’ என்று கன்னடத்தைத் தாளித்துத்தான் பேசுவார். எந்தப் படம் வந்தாலும் அவருடைய எதிர்பார்ப்பு மார்க் எட்டு. போஸ்டர் ஒட்டும்போது படத்தை விநியோகம் செய்கிறவரின் ஆள் பக்கத்திலேயே நிற்பான், அவன் காதில் விழட்டும் என்று “எட்டு!” என்பார்.

தசரா லீவில் ஒரு காதல் படம். கூட்டம் அள்ளியது, ஆனால் இடைவேளை முடிகிற நேரத்தில் சமோசா இன்னும் எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது. நான் இன்டர்காமை எடுத்து, சார் குரலில், “ஆபரேட்டரே, இன்னும் ஐந்து நிமிஷம் விடப்பா, ஜனங்க வெளியே நிக்கிறாங்க அல்வா?” என்றேன். இடைவேளை முடிகிற மணி அடிக்கவில்லை. சமோசா தட்டு காலி. இன்டர்காமை வைத்துவிட்டுத் திரும்பினால், கவுன்டரின் அந்தப் பக்கம் சாரே நிற்கிறார், கையில் பாப்கார்னோடு. மாமா கடவுளைக் கும்பிட ஆரம்பித்தார். சார் ஒரு பொரியை வாயில் போட்டு மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார்: “நான் ‘விடப்பா’ன்னு அவ்வளவு சாஃப்டா சொல்ல மாட்டேன் கணம்மா, திட்டற மாதிரி சொல்லணும்.”

பஸ் படம்

இதற்குப் போஸ்டரே கோணலாகத்தான் ஒட்டியிருந்தது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஒரு பொம்பளை, ஒரு பஸ். மேனேஜரின் எட்டைத் தவிர மற்றவர்கள் ஒன்று, இரண்டு. ஒரே வாரம் ஓடியது. கூட்டம் குறைவுதான், ஆனால் வந்தவர்கள் இடைவேளையில் டீயைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து பேசினார்கள்.

அந்த வாரம் முழுக்க ராணியக்கா சரியாக இல்லை. அவர் மார்டள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர். வாயைத் திறந்தால் தியேட்டருக்கே கேட்கும். அப்படிப்பட்டவர் வாளியை வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றார். “ஏம் பாப்பா, கடைசில அந்தப் பொம்பள பஸ்ஸ விட்டு எறங்கறா. கையில ஒரு பையும் இல்ல. சிமெண்ட் பெஞ்சுல உக்காந்து சிரிக்கறா பாரு ஒரு சிரிப்பு! எதுக்குச் சிரிக்கறா?” எனக்கு எப்படித் தெரியும்? இடைவேளையில் பஸ் பஞ்சராகி நிற்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். சேகரண்ணனைக் கேட்டால், “முதல்ல அழுதுகிட்டே பஸ் ஏறுது” என்றார். ஆபரேட்டர், “பஸ்ஸா? இது கப்பல் படம் இல்லையா?” என்றார். படம் பார்த்து வந்தவர்களைக் கேட்டால், “அதைச் சொல்லிட்டா படமே போச்சே” என்று நழுவினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை படம் போய்விட்டது. போனில் பார்க்கிற எந்த இடத்திலும் அது வரவும் இல்லை. ராணியக்கா பத்துக்குப் பத்து போட்டார். வருஷக் கடைசிக் காட்சியில் அதைப் போட்டால் முதலிலிருந்து பார்த்துவிடலாம் என்று அவருக்கு ஒரே ஆசை. “சிரிச்ச மூஞ்சி தூக்கத்துலகூட வருது பாப்பா, காரணந்தான் வர மாட்டேங்குது.”

கூட்டல் கழித்தல்

டிசம்பரில் விலைப்பலகையைத் திருப்பிக் கூட்டினேன். மீசைப் படம் பாதாளத்தில். பேய்ப் படம் இருபத்தைந்து மார்க் ஏறியிருந்தது. பஸ் படம் இருபத்து நாலு. ஒரே ஒரு மார்க். ராணியக்கா பலகையைப் பார்த்துவிட்டு, “சரி, பேயும் நல்ல பேய்தானே” என்று சொல்லிக்கொண்டே போய் ஏற்கெனவே துடைத்த தரையை மறுபடி துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் படத்துக்கு மாமா ஐந்துதான் போட்டிருந்தார், டீயைத் தவிர வேறு எதுவும் விற்கவில்லை என்று. வராண்டாவிலிருந்து மாமாவுக்கு இன்டர்காம் போட்டேன். சார் குரலில், இந்தத் தடவை அவர் சொன்னபடி திட்டுகிற மாதிரியே, “குமரேசன்! பஸ் படத்துக்கு ரெண்டு மார்க் ஏத்திப் போடு கணோ!”  அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் அவர் ஊரான கொள்ளேகால் பேச்சில் நிதானமாக வந்தது. “ஏங்கண்ணு, மேனேசரு இத்தன வருசத்துல என்னையக் குமரேசன்னு ஒருக்காக்கூடக் கூப்பிட்டதில்லியே. ‘கேன்டீன்’னுதான கூப்புடுவாரு?”

மாமா சிரித்து முடிப்பதற்குள் கதை ஆபீஸ் ரூம்வரை போய்விட்டது. நஞ்சப்பா சார் இறங்கி வந்தார். பலகையைப் பார்த்தார். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்த ராணியக்காவையும் பார்த்தார். பஸ் படத்துக்கு நேரே இருந்த தன்னுடைய எட்டைக் கட்டை விரலால் அழித்துவிட்டு, சாக்பீஸ் கேட்டு வாங்கி ‘ஒன்று’ என்று எழுதினார். மனசுக்குள் அன்றைக்கு எதிர்பார்த்தது அவ்வளவுதானாம்; எட்டு, விநியோகஸ்தரின் ஆளுக்காகச் சொன்னதாம். ஒரே அழிப்பில் பஸ் படம் ஏழு மார்க் மேலே ஏறி முதலிடத்துக்குப் போனது. “அப்படின்னா பேய்ப் படத்துக்குப் போட்ட எட்டும் பொய்தானே சார்?” என்று சேகரண்ணன் மடக்கினார். சார் முகம் சிவந்துவிட்டது. “அது நெஜமான எட்டு, எனக்கு பேய்னா உயிர் கணய்யா!”

முதலிலிருந்து

பஸ் படத்தை மறுபடி அனுப்பச் சொன்னதும், ‘ஒருத்தராவது கேட்டாங்களே’ என்று விநியோகஸ்தர் உடனே ஒத்துக்கொண்டார். ராணியக்கா ஊதா நிறப் பட்டுச்சேலையில், தலை நிறைய செவ்வந்தியோடு, கொத்தனார் வேலைக்கு லீவு போட்ட கணவரையும் இழுத்துக்கொண்டு வந்தார். பால்கனியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக சீட்டுக்கு அடியில் கையை விட்டு, “எவனோ சூயிங்கம் ஒட்டிட்டுப் போயிருக்கான்” என்றார். படம் ஆரம்பித்தது. சேகரண்ணன் முதல் கால் மணி நேர வசனத்தை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லித் திட்டு வாங்கினார். ஓடிப்போன புருஷனைத் தேடி அழுதுகொண்டே பஸ் ஏறுகிறாள் அந்தப் பொம்பளை. பஸ் பஞ்சராகிறது, மழை வருகிறது, யார் யாரோ வருகிறார்கள். கடைசி ஊர் நெருங்கும்போது ஒரு போன். அந்த ஆள் இவளைத் தேடிக்கொண்டு அதே நேரத்தில் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டானாம்! இங்கே தேடி இவள், அங்கே தேடி அவன். அந்த போன் வருவது, ராணியக்கா கதவுக்கு வருகிற நேரத்துக்கு இரண்டே நிமிஷம் முன்னால்.

பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றது. ராணியக்கா பட்டென்று எழுந்து நின்றுவிட்டார், கை பக்கத்தில் விளக்குமாற்றைத் தேடியது. அவர் கணவர் சேலையைப் பிடித்து இழுத்தார். “உக்காரு புள்ள, மறைக்குது!” உட்கார்ந்தார். திரையில் அவள் சிரித்தாள். லைட் போட்டதும் நாங்கள் எல்லாரும் திரையைப் பார்க்காமல் ராணியக்காவையே பார்த்துக்கொண்டிருந்தோம். காரணம் தெரிஞ்சுதா என்று கேட்டேன். “தெரிஞ்சுது பாப்பா. ஆனா நான் நெனச்சு வெச்சிருந்ததுதான் இன்னும் நல்லாருந்துச்சு. வீட்டுச் சாவிய ஆத்துல வீசிட்டு, இனி எவனுக்கும் சோறு பொங்க வேண்டாம்னு சிரிக்கறாளாக்கும்னு நெனச்சேன்.” அவர் கணவர் தன் செருப்பைக் கவனமாக ஆராய ஆரம்பித்தார். மாமா வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்படியானால் மார்க்கை மாற்றி எழுதட்டுமா என்று சாக்பீஸை எடுத்தேன். ராணியக்கா சீட்டில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்து, கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். “படத்துக்கு ஏழு. இப்படிச் சாஞ்சு உக்காந்து பாத்ததுக்கு மூணு. பத்துன்னே எழுதிக்க.”

ஆக, எடுத்தவர்கள் திறமைக்கு ஏழும் சாயும் நாற்காலிக்கு மூன்றும் கொடுத்து இந்த வருஷத்தின் சிறந்த படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், உங்கள் வீட்டுத் தீர்ப்புகள் இதைவிட நேர்மையானவை என்றால் சொல்லுங்கள்.