நிருபமாவின் பளபளப்பான முகம்

நிருபமா மல்லேஸ்வரத்தில் உயிரியல் பேராசிரியை. செல்லின் மேலிருக்கும் ஏற்பிகள், வெளியிலிருந்து சேதி வந்தால்தான் இரண்டிரண்டாகச் சேர்ந்து உள்ளே "பெருகு" என்று சொல்லும் என்று பயமில்லாமல் பாடம் நடத்தியவர். இப்போது அவர் நுரையீரலில் சேதி வராமலே அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. புற்றுநோய்.

அவற்றின் வாயை அடைக்க மாத்திரை. மருந்து பிடித்தால், தோலிலுள்ள அதே ஏற்பிகளும் அடங்கி, முகத்தில் பெரும்பாலும் கொப்புளம் வரும். தினமும் கண்ணாடியில் பார்த்தார். முகம் பளபளத்தது, ஒரு கொப்புளமும் இல்லை.

"மூஞ்சி எவ்வளவு தெளிவா இருக்கு! பெருமாள் காப்பாத்திட்டார்," என்றார் கணவர் ரகுராம்.

ஒரு நாள் காலை மூக்கருகே சிவந்து ஒரு கொப்புளம் எழுந்தது. ரகுராம் பதறினார்.

"ஐயோ, என்னடி இது! டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்கோ. வந்துடுத்துன்னு சொல்லுங்கோ."

மருந்து பிடித்ததற்கு அது உறுதியான சான்றல்ல என்பதும் அவருக்குத் தெரியும். இன்னொன்று வராதா என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.