மிதித்தது இரண்டு, பதிவானது மூன்று

மெமோவில் என் பெயர் இல்லை. ஸ்டெல்லாவின் பெயர் இருந்தது. நல்ல ரிலேக்களைத் தவறாகப் பதிவு செய்து ஸ்கிராப்புக்கு அனுப்பியதற்கு மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று அதில் டைப் செய்திருந்தார்கள். அவள் பணிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலையை நிரந்தரமாக்கும் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வரவேண்டிய மாதம் அது.

1991-இல் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு சின்னத் தொழிற்சாலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே செய்து கொடுத்தோம். நான் மெயின்டனன்ஸில் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். ஸ்டெல்லா சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளில் வருவாள். இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ரிலேக்குள் தொட்டுப் பிரியும் காண்டாக்டுகளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

ஒரு ட்ரேயில் நாற்பது ரிலே. ஒரு கை ட்வீசரைப் பிடிக்கும், மற்றது ரிலேயைப் பிடிக்கும். குறை தென்பட்டால் இரண்டையும் கீழே வைத்து, தலையை நிமிர்த்தி, ரெஜிஸ்டரில் அந்தக் குறைக்கு உரிய குறியீட்டை எழுத வேண்டும். பிசிறு இருந்தால் BR, தேய்த்து எடுத்துவிடலாம். விரிசல் என்றால் CR; ஸ்கிராப். திரும்பக் குனிந்தால் கண் பழக நேரமாகும். மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். வரி மாறி எழுதுவதும் நடக்கும்.

ஒருநாள் விளக்கு மாற்றப் போனபோது கேட்டாள்: "சார், குனிஞ்சிகினே எழுதறா மாதிரி எதனா பண்ண முடியாதா?"

கண்ணும் கையும் வேலையில் இருக்கின்றன. மீதி இருப்பது கால்தான். வெல்டிங் செக்‌ஷனில் சும்மா கிடந்த ஒரு ஃபுட் ஸ்விட்சை எடுத்துவந்தேன். ஒரே பட்டன். எழுத்துகளை ஐந்து ஐந்தாகப் பிரித்தேன். A முதல் E வரை முதல் குரூப், F முதல் J வரை இரண்டாவது, இப்படி. முதலில் குரூப் எண்ணை மிதிக்க வேண்டும். சிறிது நிறுத்தி, அந்தக் குரூப்பில் எத்தனையாவது எழுத்தோ அத்தனை முறை மிதிக்க வேண்டும். B என்றால் ஒன்று, பிறகு இரண்டு. C என்றால் ஒன்று, பிறகு மூன்று. ஒவ்வொரு மிதிக்கும் பஸர் ஒருமுறை 'பிக்' என்னும். பட்டியலில் இல்லாத குறியீடு வந்தால் நீளமாக ஒலிக்கும். மறுபடி மிதிக்க வேண்டும். குறையில்லாததற்கும் ஒரு குறியீடு உண்டு; ட்ரே முடிந்ததும் பிரின்டரில் வரிசைப்படி பட்டியல் வரும். அதைப் பார்த்து ரிலேக்களைப் பிரிப்பார்கள்.

ஸ்டெல்லா நான்கே நாளில் பழகிக்கொண்டாள். கண்ணை எடுக்காமல், பேசிக்கொண்டே மிதிப்பாள். தலைவலி நின்றது. ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களையெல்லாம் க்யூ.சி. மேனேஜர் வரதன் அந்த மேஜைக்கு அழைத்துப்போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஸ்கிராப் கூடிக்கொண்டே போனது. ஸ்கிராப் ஆனதை அன்றன்றே பிரஸ்ஸில் வைத்து நசுக்கிவிடுவது வழக்கம். ஒருநாள் பிரஸ் பழுதாகி ஒரு ட்ரே தப்பியது. வரதன் சார் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். CR என்று பதிவானதில் பலவற்றில் விரிசலே இல்லை, வெறும் பிசிறு. என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, உன் மெஷின்ல கோளாறா, இல்ல அந்தப் பொண்ணு தூங்குதா?"

பெடலை என் பெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கையால் அழுத்திப் பார்த்தேன். இருபது முறை BR அடித்தேன். இருபதும் சரி. "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார்" என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் மெமோ எழுதப்பட்டது.

மறுநாள் டீ டைமில் ஸ்டெல்லா என் பெஞ்சுக்கு வந்தாள். மெமோவை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். அழவில்லை.

"நான் ரெண்டு தபாதான் மிதிச்சேன் சார். ரெண்டு தபாதான் சத்தம் கேட்டுது."

"வேகத்துல மூணு மிதிச்சிருப்பம்மா. தெரிஞ்சிருக்காது."

"மூணு மிதிச்சா மூணு சத்தம் கேக்குமே. இப்பல்லாம் அந்த நீட்டுச் சத்தம் வேற அடிக்கடி வருது. சரியா மிதிச்சாலும் வருது. ஒண்ணு கேக்கறேன் சார், கோச்சிக்காதீங்க. எனக்குக் கேக்கற சத்தமும் அது எழுதறதும் ஒண்ணுதானா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டும் ஒன்று இல்லை. எனக்குத்தான் அது தெரியும். அந்த வயரை இழுத்தவன் நான்.

ஸ்விட்சிலிருந்து இரண்டு வயர் பிரித்திருந்தேன். ஒன்று ஒரு டைமர் ஐ.சி. வழியாகப் பஸருக்கு. இன்னொன்று நேராக, மிதிகளை எண்ணிப் பதியும் பிராசசருக்கு. பஸரைப் பிராசசரிலிருந்து ஓட்டினால் புரோகிராம் கூடுதலாக எழுத வேண்டும், சோம்பலில் விட்டுவிட்டேன். ஸ்விட்ச் தேய்ந்தால் காண்டாக்ட் ஒரே மிதியில் துள்ளி இரண்டு முறை தொடும். டைமர் அந்தத் துள்ளலை விழுங்கி ஒரே 'பிக்' கொடுக்கும். பிராசசர் இரண்டு என்று எண்ணும்.

மின் துடிப்பைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பை இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கே தள்ளிக்கொண்டு போனேன். "எப்பவும் மிதிக்கற மாதிரியே மிதி" என்றேன். மிதித்தாள். ஏழாவது மிதியில் திரையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கோடு எழுந்தது. பெஞ்சில் நான் கையால் மெதுவாக அழுத்தியபோது வராதது, காலின் வேகத்தில் வந்தது. வேறு எங்கே துள்ளினாலும் இல்லாத குறியீடாகிப்போய் நீளச் சத்தம் வரும். B-யின் கடைசி இரண்டு மிதிகளில் ஒன்று துள்ளினால் மட்டும் அது C ஆகிச் சத்தமில்லாமல் பதிவாகும். அவள் சொன்ன இரண்டு புகாரும் ஒரே பழுது.

திரையைப் பார்த்துவிட்டு, "இதுதானா சார்?" என்று கேட்டாள். "இதுதாம்மா. தப்பு என்னுது" என்றேன். அவள் அடுத்த ரிலேயை எடுத்தாள்.

வரதன் சாரிடம் போனேன். சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லன்னு சொன்னவன் நீதானே?"

"நான்தான் சார். செக் பண்ண விதம் தப்பு."

"வாயால சொன்னா ஆவாது. எழுதிக் குடு."

"எழுதியே எடுத்தாந்திருக்கேன் சார்."

வாங்கிப் படித்தார். மெமோ வாபஸ் ஆனது. ஸ்டெல்லாவுக்கு அந்த மாதமே ஆர்டர் வந்தது. எனக்கு வரவேண்டிய சார்ஜ்மேன் பதவி அந்த வருடம் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெடலைத் திருத்தினேன். துள்ளலைத் தள்ளிவிடப் புரோகிராமில் பத்துப் பதினைந்து வரி. பஸரின் வயரைப் பிடுங்கிப் பிராசசரோடு இணைத்தேன். எழுத்து மெமரியில் ஏறியபின், ஏறியதையே அது திருப்பி ஒலிக்கும். தவறென்றால் பெடலை நீள மிதித்து அழித்துவிடலாம்.

ஸ்டெல்லா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் ரெஜிஸ்டரிலும் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். "இனிமே தப்பே வராது" என்று நான் சொன்னபோது தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள்.

"தப்பு வரட்டும் சார். வந்தா எனக்குக் கேக்கணும். அவ்ளோதான்."

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் பேனல்களும் டெஸ்டர்களும் செய்தேன். எந்த விளக்கையும் பஸரையும் ஸ்விட்சிலிருந்து நேராக ஓட்டியதில்லை. ஆளிடம் மெஷின் சொல்ல வேண்டியது அவர் அழுத்தியதை அல்ல, அது எழுதிக்கொண்டதை. மெஷினில் கோளாறில்லை என்று சொல்வதற்கு முன், அதில் தினமும் வேலை செய்பவரை ஒருமுறை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அவளாக வந்து சொன்னாள்.