மூன்றாவது மிதி

கொழும்பு ரயில் நானுஓயாவுக்கு வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் வேன்காரர்கள் எல்லாரும் இஞ்சினை நிறுத்திவிட்டு பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்கள். பழனியாண்டியின் பச்சை மொரிஸ் மைனர் மட்டும் சமதரையில், சக்கரத்துக்குக் கல்லும் வைத்துக்கொண்டு, தடதடவென்று ஓடியபடி நிற்கிறது.

"அண்ணே, வீட்டுல பெட்ரோல் கெணறு தோண்டியிருக்கீங்களா?" என்று யாராவது ஒருவர் தினமும் கேட்பது வழக்கம். பழனியாண்டி கோபப்படமாட்டார். "அது பாட்டுக்கு ஓடட்டும் தம்பி. அது நின்னா எனக்கு மூச்சு முட்டுது" என்பார். பிறகு பழைய பத்திரிகைத் தாளை ஈரமாக்கி, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பார்.

வயது அறுபத்தேழு. கம்பளித் தொப்பி காதை மூடியிருக்கும். வலது முழங்கால் சரியாக மடங்காது என்பதால் காரில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். பழைய கார் என்று ஆசைப்பட்டு ஏறும் வெளிநாட்டுக்காரர்கள் முன்சீட்டைத்தான் கேட்பார்கள். "பின்னால நல்லா இருக்கும் சேர்" என்று கதவைத் திறந்து காட்டுவார். ஒரு வெள்ளைக்காரர் விடாப்பிடியாக முன்னால் உட்கார்ந்தபோது, பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நின்றார். ஆள் இறங்கி வேறு வேனுக்குப் போனார். அந்தச் சீட்டில் மடித்த துவாய் ஒன்று எப்போதும் கிடக்கும். அந்தப் பக்கத்துக் கதவு மட்டும் பச்சை இல்லை, சாம்பல் நிறம்.

தேயிலைத் தோட்டத்தை மேற்பார்த்த கண்டாக்கு ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கைமாறி வந்த கார் அது. முப்பத்தொரு வருடமாக பழனியாண்டியின் சோற்றுக்கு வழி. அதன் பிரேக் ஊரறிந்த சங்கதி. மிதித்தால் போதாது, ஏறி நிற்க வேண்டும். வளைவுக்கு இருபது யார் தூரம் முன்னாலேயே மனிதர் பல்லைக் கடித்துக்கொள்வார். முழங்கால் போனதும் அப்படித்தான். இரவில் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மனைவி நாகலெட்சுமிதான் நச்சரிக்கத் தொடங்கினாள், காரை மாற்ற மனமில்லாவிட்டால் அதன் பிரேக்கையாவது மாற்றுங்கள் என்று.

வியாழக்கிழமைகளில் அவளை பிரஷர் கிளினிக்குக்காக நுவரெலியாவுக்கு அழைத்துப் போவார். போகும்போது ஏற்றம், இஞ்சின் இரைச்சலில் ஒன்றும் பேச முடியாது. திரும்பும்போது இறக்கம் தொடங்கும் முடக்கில் சாவியைத் திருகி இஞ்சினை அணைத்துவிடுவார். கார் சத்தமே இல்லாமல் உருளும். பெட்ரோல் மிச்சம் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டாலும் காரணம் அது இல்லை. தோட்டத்து லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பிராவில் மகன் அழகன், மருமகள், மூன்று பிள்ளைகள். புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை தனியாகப் பேச மூலை கிடையாது. அந்த இறக்கம்தான் அவர்களுடைய வீடு. இஞ்சின் நின்றதும் அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லுங்க" என்பாள். அவர் சொல்ல என்ன இருக்கிறது? அவள்தான் பேசுவாள், ஸ்டேஷன் வரும்வரை.

லாபிர் நானாவின் கராஜில் மூன்று நாள் வேலை நடந்தது. உடைத்துப் போட்ட ஜப்பான் வேனிலிருந்து பூஸ்டரைக் கழற்றி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் போட்டு, லாபிர் அந்தக் கிழட்டுக் காருக்கு பவர் பிரேக் வைத்தார். சாவியைக் கொடுக்கும்போது பெடலை அவரே அழுத்திக் காட்டினார்.

"அண்ணன், இது இஞ்சின் இழுக்கிற காத்துலதான் வேல செய்யிற. இஞ்சின் நிண்டா ரெண்டு மிதி புடிக்கும். மூனாவது மிதி கல்லு மாதிரி. எறக்கத்துல ஆஃப் பண்ண ஏலாது, வெளங்கினதா?"

பழனியாண்டி தலையாட்டினார். புது பெடல் கட்டைவிரலுக்கே அடங்கிய சந்தோஷத்தில் அவர் பாதிதான் கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை, அதே முடக்கில், பல வருடப் பழக்கத்தில் கை சாவிக்குப் போனது. அவள் கண்ணாடியை இறக்கினாள். முதல் வளைவில் பெடல் வெண்ணெயாக இறங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. "இப்பத்தான் ஒங்க மூஞ்சில வலி தெரியல" என்றாள் நாகலெட்சுமி. அவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாவது வளைவில் பெடல் அசையவில்லை. ஏறி நிற்க அந்தக் காலில் பலமும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், அது பேருக்குத்தான் இருந்தது. வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் மண்மேடு. இடப்பக்கம்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள். யோசிக்க நேரம் இருந்திருந்தாலும் வேறென்ன செய்திருக்க முடியும்? ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

லயமே லாபிரைத் திட்டியது. வேலை தெரியாமல் கை வைத்து ஒரு உயிரைக் கொன்றுவிட்டான் என்றார்கள். அவருடைய கராஜுக்கு வண்டிகள் வருவது நின்றது. லாபிர் ஒரு வார்த்தை பேசவில்லை. பழனியாண்டியும் பேசவில்லை. துக்கத்தில் வாயடைத்துக் கிடக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு லாபிர் வந்தார். வாசலுக்கு வெளியே, மழையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அழகன் அவரை நோக்கிப் பாய்ந்தபோதுதான் பழனியாண்டி எழுந்தார். மொட்டையடித்த தலையோடு மகனுக்கும் லாபிருக்கும் நடுவில் போய் நின்றார்.

"அவர விடு. அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, எறக்கத்துல அணைக்காதன்னு. நாந்தான் அணைச்சேன்."

ஏன் அணைத்தாய் என்று அழகன் கேட்டான். பிள்ளைகள், உறவுக்காரர்கள், அந்தச் சின்னக் காம்பிரா எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அதற்கு மட்டும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பெட்ரோலுக்காக என்று அழகனே முடிவு கட்டிக்கொண்டான். இரண்டு வருடமாகிறது. மகன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லாபிரின் கராஜில் மறுபடியும் வண்டிகள் நிற்கின்றன. நசுங்கிப்போன கதவுக்குப் பதிலாக எங்கிருந்தோ சாம்பல் கதவு ஒன்றைத் தேடி வந்து பொருத்தியவரும் லாபிர்தான். பச்சை அடித்துத் தருகிறேன் என்று கேட்டார். பழனியாண்டி வேண்டாம் என்றுவிட்டார்.

ரயில் வருகிறது. பெட்டிகளை ஏற்றி, ஆட்களைப் பின்னால் உட்கார வைத்து, நுவரெலியாவில் இறக்கிவிட்டு, வெறும் காரோடு திரும்புகிறார். இறக்கம் தொடங்கும் முடக்கில் பனிமூட்டம் அப்பிக்கிடக்கிறது, நல்ல குளிர். பழனியாண்டி காரை ஓரமாக நிறுத்துகிறார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், துவாய் கிடக்கும் சீட்டின் மேல் சாய்ந்து எட்டி, சாம்பல் கதவின் கண்ணாடியை அடிவரைக்கும் இறக்கிவிடுகிறார்.