நாற்றம் நின்ற நாள்

நாறினால் ஆபத்து, நாறாவிட்டால் ஆபத்தில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வேதியியல் பட்டம், தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ, சேலத்து ஏ.சி. ஹாலில் சாப்பாட்டோடு பயிற்சி, எல்லாம் முடித்த பிறகும் அப்படித்தான். ஹைட்ரஜன் சல்பைடு பற்றித் தேர்வில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர நம்பவில்லை. நான் நம்பியது என் மூக்கை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச தூரம்தான் வரும்.

1. எலி

ராசிபுரத்தைத் தாண்டி ஒரு சேகோ ஃபேக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை. விசிட்டிங் கார்டில் நான் பாதுகாப்பு மற்றும் சுற்றுச்சூழல் மேலாளர். மேலாண்மை செய்ய எனக்குக் கீழே யாரும் கிடையாது. மரவள்ளிக்கிழங்கு கழுவி அரைத்த தண்ணீர் தேங்கினால் அழுகிய முட்டை மாதிரி நாறும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டின் ஆபரேட்டர் செல்வராசு. என் வயதுதான். வாயில் எப்போதும் ஒரு நக்கல் தயாராக இருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் குடலைப் புரட்டும் நாற்றம். நான் "கேஸ்! கேஸ்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கையில் டிபன் கேரியர் இருந்தது, அதை மட்டும் விடவில்லை. கம்பி வேலியைத் தாண்டி மரவள்ளிக் காட்டுக்குள் போய்க் குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் செல்வராசு செடிகளை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் என் ஒற்றை ஷூ.

"ஏனுங்க சார், நீங்க ஓடுன ஓட்டத்தப் பாத்து நாங்களும் கேட்டு வரைக்கும் ஓடுனமுங்க. பொறவு போய்ப் பாத்தா, பேனலுக்குள்ள எலி செத்துக் கெடக்குதுங்க."

"எலியா?"

"பெருச்சாளிங்க. உங்க மரியாதைக்குப் பெருச்சாளின்னே வெச்சுக்குவோம்."

அன்றிலிருந்து ஃபேக்டரி முழுக்க எனக்கு 'மூக்கு சார்' என்று பெயர். நானும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். எங்கே நாறினாலும், விஷ வாயு இருந்தால் அலறும் கேஸ் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். நாறாத நாளில் மீட்டர் என் அறைக் கண்ணாடி பீரோவுக்குள், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தோடு ஓய்வெடுக்கும்.

"சார், அந்த மூக்குக்கு ஒரு இன்சூரன்ஸ் போட்டுருங்க" என்பார் செல்வராசு.

2. மூடி

பக்கத்து ஊர்க்காரர்கள் நாற்றம் தாங்காமல் மனு மேல் மனு போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சோற்றில் கை வைக்க முடியாத நாற்றம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட், அதாவது ஆலையை ஓட்டும் அனுமதி, புதுப்பிக்க வேண்டிய நேரம். அது வரவில்லை என்றால் கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும்போது ஆலையை மூட வேண்டியதுதான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சார், நாத்தம் நம்ம காம்பவுண்டத் தாண்டப்படாது. அந்தக் கழிவுத் தண்ணித் தொட்டி மேல ஸ்லாப் போட்டு மூடிட்டா என்னங்க?"

நல்ல யோசனை என்றேன். ஸ்லாப் போட்டோம். ஆள் இறங்க ஒரு துளை, அதற்கு இரும்பு மூடி. ஊருக்குள் நாற்றம் குறைந்தது. எனக்கு முதலாளி ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். வெளியே போய்க்கொண்டிருந்த வாயுவை உள்ளே சேர்த்து வைத்ததற்குக் கிடைத்த ஸ்வீட் பாக்ஸ் அது என்று எனக்குத் தோன்றவில்லை. செல்வராசுவுக்குப் பாதி கொடுத்தேன். மைசூர்பாகு அவருக்குப் பிடிக்கும்.

3. போன்

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாள். காலையிலேயே தொட்டியின் பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை. அடியில் உள்ள சல்லடையைத் திப்பி அடைத்துக்கொண்டது. திப்பி என்றால் கிழங்கு அரைத்த சக்கை. பம்ப் ஓடாவிட்டால் தண்ணீர் ஏறி ஏறித் தொட்டி வழியும், அதிகாரியின் காலடிக்கே வந்து நாறும்.

நான் பேண்டுக்குள் சட்டையைத் திணித்துக்கொண்டு கேட்டில் நின்றேன். பயத்தில் மூன்று தடவை பாத்ரூம் போய் வந்திருந்தேன். செல்வராசு போன் செய்தார்.

"சார், மூடியத் தெறந்தப்ப கொடலப் புடுங்குச்சுங்க. மூங்கில உட்டுக் கலக்கிப் பாத்தனுங்க, சல்லடை அசைய மாட்டீங்குது. இப்ப நாத்தம் சுத்தமா இல்லீங்க. எறங்கி எடுத்துட்டு வாரனுங்க."

"நாத்தமே இல்லையா?"

"மல்லியப்பூ மாதிரி இருக்குதுங்க மூக்கு சார்."

இரண்டு பேரும் சிரித்தோம். மீட்டர் என் அறையில் இருந்தது. என் அறை கேட்டுக்குப் பக்கத்தில்தான்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். இறங்கியதும் காற்றை முகர்ந்தார். "பரவால்லையே, போன தடவை கர்ச்சீப்போட நின்னேன்" என்றார். முதலாளி என் தோளைத் தட்டினார். பிளான்ட்டைக் காட்ட அழைத்துப் போகும்போது செல்வராசுவுக்கு போன் போட்டேன். மணிச் சத்தம் தொட்டிப் பக்கமிருந்து கேட்டது.

துளையின் ஓரத்தில் மடித்து வைத்த சட்டை, அதன்மேல் போன், பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏணிக்குக் கீழே சேற்றில் கவிழ்ந்து கிடந்தார்.

அவர் மச்சினன் குமார் பாய்லரில் வேலை செய்பவன். சத்தம் கேட்டு ஓடிவந்து, வந்த வேகத்தில் துளைக்குள் காலை விட்டான். நான் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி அவன்மேல் உட்கார்ந்துவிட்டேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். என்னால் உட்கார மட்டும்தான் முடிந்தது.

"உடுங்க சார்! எங்க மச்சான் உள்ள கெடக்குறாரு, உடுங்க! டேய், உடுடா!"

என்னை அடித்தான், கடித்தான். மூன்று பேர் சேர்ந்து அவனைப் பிடித்தார்கள். அதிகாரி தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தார். காற்று சிலிண்டர் மாட்டிய வீரர்கள் வரும்வரை, கண்ணுக்குத் தெரியும் ஆழத்தில் கிடந்தவரைத் தூக்காமல் நாங்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம். குமார் அழுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குமார் இப்போது திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஒன்றில் வேலை செய்கிறான். பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா" என்றேன். "இருக்கறனுங்க" என்றான். அவ்வளவுதான் பேசினோம். உயிரோடு இருக்கிறான்.

இந்த வேலையில் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். மூடிய தொட்டி என்றால் மீட்டரை இறக்குங்கள். நாறினாலும் இறக்குங்கள், நாறாவிட்டால் கட்டாயம் இறக்குங்கள். மீட்டர் சரி என்றாலும் காற்றோட்டம், இடுப்புக் கயிறு, மேலே ஒரு ஆள் இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அதிகமானால் முதலில் மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்யும், பிறகுதான் ஆளைச் சாய்க்கும்.

அன்று தீயணைப்பு வீரர்கள் கேட்டபோது பீரோவைத் திறந்து மீட்டரைக் கொடுத்தேன். கயிற்றில் கட்டித் துளைக்குள் இறக்கினார்கள். பாதி தூரம் போவதற்குள் அலறத் தொடங்கியது.

நாற்றம் சுத்தமாக இல்லை என்று செல்வராசு சொன்ன நேரத்தில் தொட்டி நிறைய வாயு இருந்தது. அவர் மூக்கு அதற்கு முன்பே மரத்துவிட்டிருந்தது. நான் போனில், "அப்பச் சரி, ஆபீசர் வர்றதுக்குள்ள முடிச்சிருங்க" என்றேன்.