மூக்காயி பேர் வெட்டிய அண்டா

சின்னமுத்துவின் தேய்ப்புக்குப் பயந்து, பௌர்ணமி நிலாகூட ஹேவாஹெட்ட மலைக்கு மேலே வந்தால் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளுமாம். அப்படியொரு கை. நாற்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையைக் கூட்டிக் கழுவியவர், இந்த வருடத்திலிருந்து, தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்து நாலு அறைகளில் பழம்பொருள் காட்டும் தோட்டத்து நூதனசாலைக்குக் காவல்.

அந்த நூதனசாலையைத் தாங்குவது குண்டசாலை கணேஸ் முதலாளி. கூரைத் தகரம், மின்சாரம், சின்னமுத்துவின் சம்பளம், எல்லாம் அவர் தயவு. வருடத்துக்கொரு தடவை விருந்தாளிகளோடு வருவார். தன் கொள்ளுத்தாத்தா பெரிய கங்காணி இந்தியாவிலிருந்து தலையில் சுமந்து வந்தது என்று ஒரு பித்தளை அண்டாவைக் காட்டுவார். பிறகுதான் அடுத்த வருடத்துக்கான உதவிக் கடிதத்தில் கையெழுத்து.

இன்று அவர் வரும் நாள். விருந்தாளி வருகிற இடத்தில் பாத்திரம் கறுத்துக் கிடக்கலாமா? காலையிலேயே புளியும் சாம்பலுமாய் உட்கார்ந்துவிட்டார் சின்னமுத்து. அண்டா பொன்னாய் மின்னியது. விளிம்பைத் துடைத்தபோது புள்ளி புள்ளியாய் எழுத்துக் கிளம்பியது: மா. மூக்காயி.

சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பேரை வெட்டுவது லயத்து வழக்கம். கங்காணி குடும்பத்தில் மூக்காயி என்று எவளும் இல்லை. முதலாளி பெருமையாய் மாட்டிய வம்சப் பட்டியல் எதிர்ச் சுவரிலேயே தொங்குகிறது.

அவர் கூப்பிட்ட சத்தத்துக்கு நூதனசாலைப் பொறுப்பாளர் நிலூஷா ஓடிவந்து பார்த்தாள். "என்னா மாமா செஞ்சு வச்சிருக்கீங்க? இது வேற யாரு வீட்டுச் சாமானோ. மொதலாளி கண்டா கையெழுத்தும் இல்ல, நூதனசாலையும் இல்ல."

"மறுபடி கறுக்க வைக்க ஏலாதா மிஸ்?"

"அதுக்கு அறுவது வருசமாகும். கார் வளைவுல ஏறிருச்சு."

எழுத்தை மறைத்து அண்டாவோடு ஒட்டி நின்றார் சின்னமுத்து. முதலாளி சிரித்துக்கொண்டே நுழைந்தார். "தள்ளுப்பா. அண்டாவக் காட்டத்தான் இவங்களக் கூட்டியாந்தேன். தாலி கட்டுனவன் மாதிரி பக்கத்துலயே நிக்கிற." விருந்தாளிகளும் சிரித்தார்கள். சின்னமுத்துவின் கால் அசையவில்லை. முதலாளியே தோளைப் பிடித்து விலக்கினார்.

குனிந்தார். படித்தார். எதிர்ச் சுவரை ஒரு தடவை பார்த்தார்.

"யாரு தேய்க்கச் சொன்னா?" மெல்லத்தான் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை.

"யாரும் சொல்லலீங்க. நீங்க வர்றீங்களேன்னு..."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கையெழுத்த அப்புறம் பாப்போம்." கார் இறங்கிப் போனது.

"சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சிருங்க மாமா," என்றாள் நிலூஷா. "ஊரு பேச ஆரம்பிச்சா அவரு திரும்பியே பாக்கமாட்டாரு."

சின்னமுத்து பாதி திருப்பினார். விரலுக்கடியில் புள்ளிகள் தட்டுப்பட்டன. எவளோ ஒருத்தி கலியாணத்துக்கு வாங்கிய சீர். அவள் பேரை இத்தனை காலம் மூடியது அழுக்கு. இனி மூடப்போவது தன் கையல்லவா? அண்டாவை எழுத்துத் தெரிகிற பக்கமாகவே வைத்தார்.

"இப்படியே இருக்கட்டும் மிஸ். வேலை போனா போகுது."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழே வளைவில் ஒவ்வொரு வாகனம் உறுமும்போதும், முதலாளியின் கார்தான் திரும்புகிறதோ என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.